குப்புறவா, ஒருக்களித்தா?

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு முதுகெலும்பில் காசநோய். தென்னாப்பிரிக்காவில் காசம் இன்னும் ஓயவில்லை. நெஞ்சுப் பகுதியின் 12 முள்ளெலும்புகளை அது அடிக்கடி தாக்கும். ஆபரேஷன் எந்த வழியாக என்பதுதான் இப்போது வீட்டுப் பேச்சு.

குப்புறப் படுக்கவைத்து முதுகு வழியே போவது சர்ஜன்களுக்குப் பழகிய பாதை. ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு நிமிர்த்தலாம். மார்புக்கும் இடுப்புக்கும் மெத்தை வைத்து வயிற்றைத் தொங்கலாக விடுவார்கள். வயிறு அழுந்தினால் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சிரைகள் புடைத்து ரத்தம் கூடுதலாகப் போகும். கண்ணிலும் எதுவும் அழுந்தக் கூடாது. ஆனால் சீழும், நோய் அரித்த இடமும் பெரும்பாலும் எலும்பின் முன்பக்கம். குறுக்கே தண்டுவடம், அதை ஒதுக்கித் தள்ள முடியாது.

ஒருக்களித்துப் படுக்கவைத்து விலா இடுக்கு வழியே போனால் சீழ் நேரே கண்ணில் படும். அதற்கு வழக்கமாக ஒரு நுரையீரலைச் சுருக்க வேண்டும். பிறகு நெஞ்சில் குழாய், இருமினால் உயிர்போகும் வலி.

பெரியம்மாவுக்கு நுரையீரலிலும் பழைய தழும்பு உண்டு. முதுகு வழியே போய், விலாவின் அடியைக் கொஞ்சம் வெட்டி, பக்கவாட்டில் சீழை எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கால் மரத்துப்போவது கூடிக்கொண்டே வருகிறது. சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும்.