ஆர்க்பார்ஸில் முழு எண் ஆப்ஷன்கள்: வாசிப்பதில் கெட்டி, எல்லை மட்டும் நம் பொறுப்பு

பைத்தானோடு கூடவே வரும், கமாண்ட் லைனில் தட்டும் ஆப்ஷன்களைப் படித்துத் தரும் நூலகமான ஆர்க்பார்ஸை (பைத்தான் 2.7, 3.2 பதிப்புகளில் சேர்த்தார்கள்) நான் வருடக்கணக்கில் பயன்படுத்துகிறேன். இங்கே ஒரே விஷயத்தை வைத்து அதை எடை போடுகிறேன்: கமாண்ட் லைனில் ஒருவர் தட்டும் எண்ணை அது எப்படி வாங்கிக்கொள்கிறது?

நான் சி மொழியிலிருந்து வந்தவன். அங்கே எழுத்துகளை எண்ணாக மாற்றும் ஏடாய் என்ற ஃபங்ஷனுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தால் மூச்சு விடாமல் 0 தரும், ‘12கபக’ என்று கொடுத்தால் 12 தரும், பிழை நடந்ததா இல்லையா என்று கேட்கவே வழி கிடையாது. ஒழுங்காகச் செய்ய ஸ்ட்ர்டால் என்ற இன்னொரு ஃபங்ஷனுக்குப் போக வேண்டும். எண் எந்த இடத்தில் முடிந்தது என்று பார்க்க வேண்டும், பிழை எண் வைக்கப்படும் எர்நோவையும் பார்க்க வேண்டும், இதை ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் எழுத வேண்டும். அதை எழுதி எழுதி அலுத்தவனுக்கு ஆர்க்பார்ஸின் ‘டைப்=இன்ட்’ (மதிப்பை முழு எண்ணாக மாற்று என்று சொல்வது) எவ்வளவு பெரிய நிம்மதி! ‘--நாள் பத்து’ என்று தட்டினால், எந்த ஆப்ஷனில் எந்த மதிப்பு தவறு என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு பிழை என்று காட்டும் எக்ஸிட் கோட் 2-உடன் நின்றுவிடும். நான் ஒரு வரி கூட எழுதவில்லை.

இன்ட் எதையெல்லாம் ஏற்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். பைத்தான் 3.6 முதல் 1_000 என்று அடிக்கோடு போட்டாலும் ஆயிரம்தான். தமிழ் எண்களான ௧௨ கொடுத்தாலும் 12 என்று எடுத்துக்கொள்ளும், முதல் முறை பார்த்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ போட்டால் ஏற்காது, ஏனென்றால் யூனிகோடில் அது பதின்ம இலக்கமாக வகைப்படுத்தப்படவில்லை. 0எக்ஸ்10 மாதிரி பதினாறடிமான எண்ணையும் மறுத்துவிடும்.

சரி, இப்போது குறைக்கு வருவோம். பழைய பேக்கப் ஃபைல்களை அழிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன், ‘--நாள் 7’ என்றால் ஏழு நாளுக்கு முந்தையவை போய்விடும். ஒரு தடவை கை தவறி ‘--நாள் -7’ என்று தட்டிவிட்டேன். மைனஸ் ஏழும் முழு எண்தானே, ஆர்க்பார்ஸ் வாங்கிக்கொண்டது. இன்றிலிருந்து மைனஸ் ஏழைக் கழித்தால் அடுத்த வாரத் தேதி. அதற்கு முந்தைய ஃபைல்கள் என்றால் ஃபோல்டரில் இருந்த அத்தனையும். நல்லவேளை, அது சோதனைக்காக வைத்திருந்த ஃபோல்டர்.

எல்லை போட, ஏற்கத்தக்க மதிப்புகளைப் பட்டியலிடும் ‘சாய்சஸ்=ரேஞ்ச்’ கொடுக்கலாமே என்று தோன்றும். போர்ட் எண்ணுக்கு ரேஞ்ச்(1, 65536) கொடுத்துப் பாருங்கள் (கடைசி எண் சேராது), யூசேஜ் வரியில் 1-இலிருந்து 65535 வரை ஒன்று விடாமல் அச்சாகும், டெர்மினலே ஓடிக்கொண்டிருக்கும். பட்டியலுக்குப் பதில் காட்ட வேண்டிய பெயரை மெட்டாவாரில் கொடுத்தால் ஹெல்ப் அடங்கும், ஆனால் யாராவது 70000 என்று தட்டினால் எரரில் அதே பட்டியல் மறுபடி வரும். இதே வேலைக்கான இன்னொரு பைத்தான் நூலகமான க்ளிக்கில் இதற்கென்றே இன்ட்ரேஞ்ச் இருக்கிறது, குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று இரண்டு எண் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆர்க்பார்ஸில் அது இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதனால் நானே ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருக்கிறேன். இன்ட் ஆக்கும், எல்லை பார்க்கும், மீறினால் ஆர்க்பார்ஸின் ஆர்க்யுமென்ட்டைப்எரர் என்ற பிழையை எழுப்பும், அதில் நான் எழுதும் வாக்கியம் அப்படியே பயனருக்குப் போகும். ஐந்தாறு வரிதான். பெயரில்லாத ஒரு வரி ஃபங்ஷனான லாம்ப்டாவில் சுருக்காதீர்கள், எரரில் ‘இன்ட்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘லாம்ப்டா’ என்று வரும், படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

அப்புறம் பூஜ்யம். டிஃபால்ட் எதுவும் கொடுக்காமல் விட்டால், ஆப்ஷனைத் தட்டாதபோது ‘நன்’ (மதிப்பே இல்லை என்பதற்கான பைத்தான் குறி) கிடைக்கும். ‘மதிப்பு இல்லையென்றால் 30 வை’ என்று சாதாரண இஃப் போட்டால், வேண்டுமென்றே 0 கொடுத்தவருக்கும் 30 போய்விடும். ‘இஸ் நன்’ என்று கேட்டால்தான் சரி. இதில் ஆர்க்பார்ஸ் மேல் தப்பில்லை.

-1 என்று ஒரு ஆப்ஷனுக்கே பெயர் வைத்திருந்தால் மட்டும் இன்னொரு சிக்கல்: அதன்பின் ‘--நாள் -7’ தட்டினால் -7-ஐயும் ஆப்ஷன் என்றே நினைத்து, மதிப்பு எங்கே என்று கேட்கும். மைனஸ் எண் தேவைப்படும் புரோகிராம் என்றால் ‘--நாள்=-7’ என்று சமக்குறி போட்டுச் சேர்த்து எழுதச் சொல்லி ஹெல்ப்பிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.