மாமியாரின் குடல் பாலிப் சிகிச்சை: டாக்டருக்கு ஐந்து நட்சத்திரம், இன்சூரன்ஸ் கவுண்டருக்கு ஒன்று

என் மாமியாருக்கு வயது 63. முன்சிறுகுடலில் இருந்த பாலிப்பை (உள்சுவரில் முளைக்கும் சதைக்கட்டி) இந்த மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவில் என்டோஸ்கோபி வழியாகவே, அதாவது வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டே எடுத்தார்கள். வயிற்றில் கத்தி படவில்லை. ரிப்போர்ட்டில் 'புரூனர் சுரப்பி ஹமர்டோமா' என்று வந்திருக்கிறது. முன்சிறுகுடலில் இருக்கும் புரூனர் சுரப்பிகள் அளவுக்கு மீறி வளர்ந்து உண்டாகும், புற்றுநோய் அல்லாத கட்டி அது. அதே பெயரைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோய்த் தேடுகிறவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அத்தைக்கு ஹீமோகுளோபின் 7.4க்கு இறங்கியிருந்தது. உள்ளூரில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை போட்டாலே மலம் கறுப்பாகத்தான் போகும் என்பதால், உள்ளே ரத்தம் கசிகிறதோ என்ற யோசனை யாருக்கும் வரவில்லை. இங்கே டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான்: "மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் கறுப்பாத்தான் போச்சுங்களா?" அத்தை ஆமாம் என்றதும் என்டோஸ்கோபிக்கு எழுதிவிட்டார்.

இரைப்பையைத் தாண்டியவுடன், முன்சிறுகுடலின் தொடக்கத்திலேயே காம்போடு தொங்கிக்கொண்டிருந்தது கட்டி. படத்தைத் திரையில் காட்டினார். சுமார் இரண்டரை சென்டிமீட்டர், வழுவழுவென்று, உச்சியில் மட்டும் ஒரு சின்னப் புண். கசிவு அங்கிருந்துதான்.

பயாப்ஸிக்காகக் கட்டியில் துளி சதை கிள்ளி எடுத்தார்கள். 'சாதாரண சவ்வு, கோளாறு இல்லை' என்று முடிவு வந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் மட்டும் அதை ஏற்கவில்லை. இது புரூனர் சுரப்பிக் கட்டியாக இருக்கலாம், அந்தச் சுரப்பிகள் சவ்வுக்கு அடியில் இருப்பவை, இடுக்கி கிள்ளி எடுப்பதோ மேல் சவ்வை என்றார். "மேல்மண்ணை அள்ளிப் பார்த்துட்டு அடியில பாறை இல்லைன்னு சொல்ல முடியுங்களா?" தோட்டத்தில் போர் போட்டு நொந்த குடும்பம் எங்களுடையது. சட்டென்று புரிந்தது. முனையிலேயே ஸ்கேன் பொருத்திய வேறொரு என்டோஸ்கோபி செய்து, கட்டி சவ்வின் அடியடுக்கோடு நிற்கிறது, தசைக்குள் இறங்கவில்லை என்று பார்த்துக்கொண்டார்கள். இதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அத்தை நேரடியாகவே கேட்டார்: "ஏனுங்க சார், இது கேன்சருங்களா?"

"அப்படித் தெரியலீங்கம்மா. இந்த வகைக் கட்டி கேன்சரா மாறறது ரொம்ப அபூர்வம். ஆனா ரத்தம் கசியுது, பெருசானா வழியையும் அடைக்கலாம். எடுத்துடலாம். முழுசா எடுத்து லேப்ல பார்த்தப்புறம்தான் உறுதியாச் சொல்லுவேன்."

ஃபைல் அட்டையின் பின்பக்கம் படம் போட்டும் விளக்கினார். இரைப்பையிலிருந்து இறங்கும் அமிலம் குடலை அரித்துவிடாமல் இருக்க, காரத்தன்மையுள்ள சளியைச் சுரப்பது இந்தச் சுரப்பிகளின் வேலையாம். அதுவே ஓரிடத்தில் அளவுக்கு மீறி வளர்ந்து கட்டியாகியிருக்கிறது. முன்சிறுகுடலின் சுவர் மெல்லியது, எடுக்கும்போது ரத்தம் வரலாம், ஓட்டையும் விழலாம், அப்படி ஆனால் அறுவைசிகிச்சை டாக்டர் தயாராக இருப்பார் என்பதையெல்லாம் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே சொன்னார். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டரும் கேட்டார், நர்ஸும் கேட்டார், மயக்க மருந்து டாக்டரும் தனியாகக் கேட்டார்.

அடியில் ஊசி போட்டு உப்பவைத்து, காம்பில் கம்பி வளையத்தை மாட்டி, மின்சூட்டில் வெட்டி, கட்டியை வலையில் பிடித்து வாய்வழியாகவே வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். வெட்டிய இடத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு உலோகக் கிளிப். அன்றிரவு மட்டும் தங்கினோம். மறுநாள் கஞ்சி.

இனி குறைகள். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பகல் பன்னிரண்டு தாண்டித்தான் உள்ளே கூப்பிட்டார்கள். நடுவில் கை நடுங்குகிறது என்று நான் போய்ச் சொன்ன பிறகுதான் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து டிரிப் ஏற்றினார்கள். சொல்லாமல் இருந்திருந்தால்? சர்க்கரை உள்ளவர்களை முதலில் கூப்பிட ஒரு வரிசை போடுவது அவ்வளவு கஷ்டமா?

இன்சூரன்ஸ் கவுண்டர் அதைவிட மோசம். பாலிப் நீக்கியதை வெறும் 'என்டோஸ்கோபி பரிசோதனை' என்று எழுதி அனுப்ப, பரிசோதனைக்கு எதற்கு அட்மிஷன் என்று கம்பெனி திருப்பிக் கேட்க, காலையில் கிடைத்த டிஸ்சார்ஜுக்கு இருட்டிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினோம். அங்கே போகிறவர்கள் படிவத்தை அனுப்பும் முன் ஒருமுறை வாங்கிப் படித்துவிடுங்கள்.

லேப் முடிவில் புற்றுநோய் அறிகுறி எதுவும் இல்லை, கட்டி முழுதாக வந்திருக்கிறது. போன பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.2. அத்தை மறுபடி களத்தில் மஞ்சள் காயப்போடப் போய்விட்டார். மறுபடியும் ஒரு என்டோஸ்கோபிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், இங்கேதான் போவோம்.

இன்னொன்று: கிளிப் தானாகவே விழுந்து மலத்தோடு போய்விடும். ஆனால் சிலவகைக் கிளிப் உள்ளே இருக்கும்போது எம்ஆர்ஐ எடுக்கக்கூடாது. அந்த விவரம் உள்ள அட்டையை நாங்கள் கேட்டுத்தான் வாங்கினோம். நீங்களும் கேளுங்கள்.