புக்ராஜ் விதைக்கிழங்கு என்று சொன்னால் டேக் பார்க்காமல் மூட்டையை இறக்காதீர்கள்

தாளவாடிப் பக்கம் உருளை போடுகிறவர்கள் இந்தப் போகத்துக்கு விதை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். குஃப்ரி புக்ராஜ் ரகம் என்று சொல்லி வேறு எதையோ எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த வியாபாரி போன வாரமும் புது லோடு வந்திருக்கு என்று வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

புக்ராஜை எதற்குத் தேடுகிறோம்? 75 நாளிலேயே தோண்டலாம், 90 வரை விட்டால் எடை இன்னும் ஏறும். மஞ்சள் தோல், ஆழமில்லாத கண், வெட்டினால் உள்ளேயும் மஞ்சள் ஓட்டம். சிப்ஸுக்கு ஆகாது, சரி, ஆனால் குழம்புக்கும் பொரியலுக்கும் வாங்குகிற மண்டியில் முந்தி வருகிற கிழங்குக்குத்தானே விலை. ஜோதி ரகம் போட்டுக் காத்திருந்தால் எல்லார் சரக்கும் ஒன்றாக வந்து விழும்.

பஞ்சாப் ஜலந்தர் சரக்கு என்றார் வியாபாரி. மூட்டையில் இருக்க வேண்டிய விதைச் சான்று டேக் எங்கே என்றதற்கு, "லாரியில வர்றப்ப அறுந்துபோச்சுண்ணே" என்றார். அத்தனை மூட்டையிலுமா? பில்லில் ரகம் இல்லை, லாட் நம்பர் இல்லை, 'உருளை' என்று மட்டும் கிறுக்கல்.

நட்டதில் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. பாரைக் கிளறிப் பார்த்தால் கிழங்கு அழுகவும் இல்லை, கல் மாதிரி இருக்கிறது, கண் மட்டும் கருகி மூடிக் கிடக்கிறது. சாப்பாட்டுக் கிழங்கை 10-12 டிகிரி கிடங்கில் வைக்கும்போது முளை விடாமலிருக்க சிஐபிசி மருந்தைப் புகையாக அடிப்பார்கள், அந்தக் கிழங்கு விதைக்கு உதவாது. இதுவும் அப்படி வந்ததுதான் என்பது என் சந்தேகம். முளைத்ததிலும் ஒரே பாரில் ஒரு செடி வெள்ளைப் பூ, அடுத்தது ஊதா. 75ஆம் நாள் பிடுங்கினால் செடி பச்சைப்பசேல் என்று நிற்கிறது, அடியில் நெல்லிக்காய் அளவுக் கிழங்கு, நடுநடுவே சிவப்புத் தோல் வேறு.

கேட்டால் "உங்க மண்ணு அப்படி" என்கிறார். பக்கத்துக் காட்டில் டேக் வைத்த புக்ராஜ் அதே மண்ணில்தானே வந்தது!

சான்று விதைக்கு நீல டேக், ஆதார விதைக்கு வெள்ளை. பில்லில் ரகமும் லாட் நம்பரும் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் விதை ஆய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான். முழுப் பணம் கொடுக்கும் முன் பத்துப் பன்னிரண்டு கிழங்கை எடுத்து, லேசான வெளிச்சம் படும் இடத்தில் பரப்பி முளை பாருங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012இலேயே சொல்லிவிட்டது. இதே ஆளிடம் வாங்கியவர்கள் மீதிக் கிழங்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.