பிரிந்தவர்கள் கொடுத்த விளம்பரங்கள்: 'லாஸ்ட் சீன்' இணைய ஆவணகம் குறித்து ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் அடிமை முறையால் சிதறிப்போன கறுப்பினக் குடும்பத்தார், விடுதலைக்குப் பிறகு ஒருவரையொருவர் தேடிச் செய்தித்தாள்களில் கொடுத்த விளம்பரங்களின் தொகுப்பே 'லாஸ்ட் சீன்'. வில்லனோவா பல்கலைக்கழகமும் ஃபிலடெல்ஃபியாவின் மதர் பெத்தேல் தேவாலயமும் இணைந்து 2017-இல் இதைத் தொடங்கின. பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான விளம்பரங்களின் படங்களையும், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த வாசகங்களையும் இதில் படிக்கலாம். வேலூரில் கல்லூரி மாணவர்களுக்கு வரலாறு நடத்தும் என் போன்றோருக்கு, பாடநூல் ஒரே பத்தியில் கடந்துபோகும் விஷயத்தை விரித்துச் சொல்ல இது பெரிதும் கைகொடுக்கிறது.

நான் வகுப்பில் முதலில் கொடுப்பது 1866 ஏப்ரலில் 'கிறிஸ்டியன் ரெக்கார்டர்' இதழில் வெளிவந்த ஹேகர் அவுட்லா என்ற தாயின் விளம்பரத்தைத்தான். செர்ரி, வைனி, மில்ஸ் ஆகிய மூன்று பிள்ளைகளை ஏப்ரம் ஹெஸ்டர் என்பவர் வாங்கினார். நோவா அலபாமாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். ஜான், ஜார்ஜ் வான் என்பவருக்கு விற்கப்பட்டார் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன ஆனது என்பதை அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். தாம் ராலி நகரில் இருப்பதாகவும், தமக்கு வயதாகிவிட்டதாகவும், உதவி தேவைப்படுவதாகவும், பிள்ளைகள் தாயை நினைத்துத் தேடி வருவார்கள் என்று நம்புவதாகவும் சொல்லி முடிக்கிறார். அழுகையோ சாபமோ ஒரு வரியில்கூட இல்லை. பிள்ளைகளை வாங்கியவர்களின் பெயர்களை இத்தனை ஆண்டுகள் நினைவில் வைத்திருந்தார் என்பதே அந்தத் தாய் எப்படி வாழ்ந்திருப்பார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

இந்த விளம்பரங்களில் உடைமையாளர்களின் பெயர்கள் ஏன் இவ்வளவு வருகின்றன என்று மாணவர்கள் கேட்பார்கள். தேடப்படுபவரின் முகவரியே அதுதான். அடிமைகளின் திருமணத்திற்குச் சட்டத்தில் இடமில்லை; தாயின் நிலையே குழந்தையின் நிலை என்று வர்ஜீனியா 1662-இலேயே சட்டம் இயற்றியதால், சட்டத்தின் பார்வையில் தந்தை என்று ஒருவர் இல்லவே இல்லை. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில்கூட உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவையே உள்ளன. பெயர்கள் பெரும்பாலும் இல்லை. விடுதலை பெற்றவர்கள் அனைவரும் பெயருடன் பதிவானது 1870-இல்தான். நம் வடாற்காட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பட்டியல்களில் தந்தை பெயர், ஜில்லா, ஊர் வரை எழுதப்பட்டிருப்பதை மாணவர்கள் இதோடு வைத்துப் பார்த்தார்கள். ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை வைத்து நான்கு தலைமுறை கழித்தும் சொந்த ஊரைத் தேடி வர முடிகிறது.

விளம்பரம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் உறவினரைக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்விக்கு இங்கே பெரும்பாலும் விடை கிடைக்காது. வகுப்பில் அது ஏமாற்றமாக இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இதற்குப் பிந்தைய கதையை ஆசிரியர்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் துறை அதிகாரி மொய்னிஹன் எழுதி 1965-இல் வெளிவந்த அறிக்கை, தாய் தலைமை தாங்கும் கறுப்பினக் குடும்பங்களைச் சிக்கலின் மையமாக வைத்து, அதன் வேரை அடிமை முறையில் கண்டது. விடுதலைக்குப் பிந்தைய ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன், பெரும்பாலான கறுப்பினக் குடும்பங்களில் பெற்றோர் இருவரும் சேர்ந்தே வாழ்ந்தனர் என்று 1976-இல் காட்டினார். இந்த விளம்பரங்களைப் படித்த பிறகு கட்மனின் பக்கம் சாயாமல் இருப்பது கடினம். குடும்பத்தைப் பொருட்படுத்தாத மக்கள் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் விளம்பரம் கொடுத்துத் தேடியிருக்க மாட்டார்கள். பிற்காலப் பிரிவுகளுக்கான காரணங்களை வேலையின்மையிலும் அரசு விதிகளிலும் தேட வேண்டும். வீட்டில் ஆண் ஒருவர் இருந்தால் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் உதவித்தொகையை நிறுத்திவிடும் அலபாமாவின் விதியை, 1968-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

வீட்டுக்கு வீடு ராணுவ வீரர்கள் இருக்கும் கம்மவான்பேட்டையிலிருந்து வரும் மாணவி ஒருவர் இந்தப் பாடம் நடந்த அன்று, "எங்கப்பாவும் வருஷத்துல பாதி நாள் வீட்ல இல்ல சார், எங்க குடும்பத்த யாரும் சிதைஞ்சுபோச்சுன்னு சொல்றதில்லயே" என்றார். மொய்னிஹன் அறிக்கையைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த குறிப்புகளைவிட அது தெளிவாக இருந்தது.

அச்செடுத்துக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய செய்தித்தாள் எழுத்துகள் மிகப் பொடியானவை. பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் எடுத்த பிரதிகளை யாராலும் படிக்க முடியவில்லை. ஏ3 அளவுக்குப் பெரிதாக்கி எடுங்கள், அல்லது தட்டச்சு வாசகத்தை மட்டும் கொடுங்கள். தேடும்போது முதலில் உடைமையாளரின் குடும்பப் பெயரைப் போட்டுப் பாருங்கள். வாசகங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், தமிழ்வழி மாணவர்களுக்கு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு விளம்பரத்திற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.