உப்புக்காற்றில் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2: மண்டபத்திலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பழைய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) ஒன்றை வீட்டிலேயே செப்பனிட்டு, நம் தேவைக்கேற்ப மாற்றி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்பதே என் பதில். ஆனால் கடலோரத்தில் குடியிருப்பவர்கள் அதை ஒருமுறை செப்பனிட்டு முடித்துவிடும் வேலையாக எண்ணக் கூடாது. இராமநாதபுரம் மாவட்டத்தின் இந்த முனையில் இத்தகைய இயந்திரத்தைத் தேய்ப்பது பயன்பாடு அன்று, காற்று. நான் செலவிட்ட பணத்திலும் நேரத்திலும் எது பலன் தந்தது, எது வீண் என்பதை இந்த ஒரே அளவுகோலால்தான் மதிப்பிட்டிருக்கிறேன்.

கருவி, 1979இல் வெளிவந்த எஸ்எல்-1200 எம்கே2. கீழக்கரையில் ஒரு குடும்பத்தார் துபாயிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்து, பின்னர் பரணில் ஏற்றி மறந்துபோனது. வளைகுடாவில் ஓடிய கருவி என்பதால் நம் 230 வோல்ட்டுக்கு அப்படியே பொருந்தியது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட வகை 100 வோல்ட்டுக்கானது என்பதால், பழைய கருவி வாங்குபவர்கள் பிளக்கைச் செருகுமுன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

டைரக்ட் டிரைவ் என்பதன் பொருள், மோட்டாரின் அச்சே இசைத்தட்டு அமரும் அச்சு என்பதுதான். வேகமாகச் சுற்றும் மோட்டாரை பெல்ட்டாலோ ரப்பர் சக்கரத்தாலோ நிமிடத்துக்கு 33⅓ சுற்றாகக் குறைக்கும் பழைய வழிக்கு மாற்றாக, மோட்டாரையே அந்த மெதுவான வேகத்தில் சுற்றவைக்கும் முறையை, டெக்னிக்ஸின் தாய் நிறுவனமான மட்சுஷிடா 1970இல் எஸ்பி-10 என்ற கருவியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. எம்கே2வில் குவார்ட்ஸ் படிகம் ஒன்று வேகத்துக்கு அளவுகோலாக இருந்து, மோட்டாரிலிருந்து வரும் துடிப்போடு தொடர்ந்து ஒப்பிட்டுத் திருத்துகிறது. எனவே மின்சாரம் ஏறி இறங்கினாலும் சுருதி அசைவதில்லை. இன்வெர்ட்டரில் ஓடும்போதும் வேகம் அப்படியே நிற்கிறது. எங்கள் வீட்டிலிருக்கும் பழைய சதுர அலை இன்வெர்ட்டர், ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ஃபோனோ ஆம்பிளிஃபயருக்குள் ஓர் இரைச்சலைச் சேர்ப்பது வேறு கதை. அதற்கு டர்ன்டேபிள் பொறுப்பாகாது.

ஒலியின் தரத்தைப் பற்றி டைரக்ட் டிரைவா பெல்ட் டிரைவா என்று வாதிடுபவர்கள் வாதிடட்டும். இந்தக் கரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது, சுழற்றும் பகுதியில் ரப்பரே இல்லை என்பதுதான். இங்குள்ள வெயிலில் பெல்ட் இளகி ஒட்டிக்கொள்ளும், ரப்பர் சக்கரம் வெடித்துப்போகும். இதில் அப்படிக் கெடுவதற்கு ஒன்றும் கிடையாது. அச்சின் தாங்கிக்கு ஈராயிரம் மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பரணில் கிடந்தபின்னும், இசைத்தட்டு அமரும் சுழல்தட்டைக் கையால் சுற்றியபோது சத்தமின்றி நெடுநேரம் சுற்றியது.

மண்டபத்தில் நிலம் மிகவும் ஒடுங்கியது. ஒருபுறம் பாக் விரிகுடா, மறுபுறம் மன்னார் வளைகுடா. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடலின் துவலையும், வாடை வீசும் மாதங்களில் வடக்குக் கடலின் துவலையும் வீட்டுக்குள் வருகின்றன. இரண்டுக்கும் நடுவே ஓய்வு என்று சொல்லத்தக்க காலம் குறைவு. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு பிரிவை வைத்திருப்பது காரணமில்லாமல் அன்று. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றதும், 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டதும் எல்லோரும் அறிந்தவை. இரும்புப் பாலத்தையே விட்டுவைக்காத காற்று, தலைமயிர் பருமன் ஒயர்களைப் பார்த்து இரங்கப் போவதில்லை.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். இங்கே இரவில் அந்த அளவு எளிதில் எட்டப்படுகிறது. பகலில் மீண்டும் காய்கிறது. ஆக, கருவியின் மேல் படிந்த உப்புத்தூசி நாள்தோறும் நனைந்து உலர்கிறது. வெறும் துணியால் துடைத்தால் உப்பு போவதில்லை, இடம்தான் மாறுகிறது. நீரில் கரைத்து எடுக்க வேண்டும். அதற்கும் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உதவாது, அதிலேயே உப்பு இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடைகளில் விற்கும் வடிநீரை வாங்கி, மென்மையான தூரிகையால் கழுவி, அதன்பின் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஈரத்தை விரட்டுவதே நான் கைக்கொண்ட முறை.

இந்த வகை டர்ன்டேபிளில் மோட்டாரின் காந்த வளையம் சுழல்தட்டின் அடிப்புறத்திலேயே திருகப்பட்டிருக்கும். சுருள்கள் கீழே உடலில் இருக்கும். தட்டைத் தூக்கித் திருப்பியபோது, வளையத்தின் உள்விளிம்பு முழுதும் கரும்பொடி முடி முளைத்ததுபோல் நிமிர்ந்து நின்றது. இரும்புத்தூள் என்று முதலில் தோன்றும். உண்மையில் அது கடற்கரை மணலிலுள்ள கருமணல். இங்கே மணலில் ஒரு காந்தத்தை இழுத்துப் பார்த்தவர்களுக்கு அது பழக்கமான காட்சிதான். சுருளுக்கும் காந்தத்துக்கும் உள்ள சிறிய இடைவெளியில் அது உராயக்கூடும் என்பதால் ஒரு துகளும் விடக் கூடாது. துடைத்தால் காந்தம் மீண்டும் இழுத்துக்கொள்ளும். ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தி எடுப்பதே வழி. கடலோரத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது தட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

அலுமினிய உடலில் எஃகுத் திருகுகள் இறங்கும் இடங்களில் வெண்பொடி பூத்திருந்தது. இரு வேறு உலோகங்களுக்கிடையே உப்புநீர் புகுந்தால் அலுமினியம்தான் கரையும். அத்தகைய திருகை வலுவாகத் திருப்பினால் தலை மழுங்கிவிடும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவைத்து, சால்டரிங் அயர்னின் முனையைத் திருகின் தலையில் வைத்துச் சூடேற்றி, அதன்பின் திருப்பினால் இளகிக்கொடுக்கும். மீண்டும் பூட்டும்போது எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாக மாற்றி, மரையில் சிறிது கிரீஸ் தடவினேன். அந்தத் திருகுகள் இன்றுவரை விரலுக்கு இலகுவாகவே கழல்கின்றன.

மின்னணுப் பகுதியை விரைவாகச் சொல்லிவிடலாம். மின்வழங்கியில் சுமார் 21 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) வர வேண்டும், வந்தது. வயதைக் கருதி எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்களை 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையாக மாற்றினேன். சென்னை ரிச்சி தெருவில் அவை மலிவாகவே கிடைக்கின்றன. போர்டைக் கழுவி உலர்த்தி, அதன்மேல் அக்ரிலிக் காப்புப் பூச்சு அடித்தேன். வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடர், சுவிட்சுகள், திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்கள் ஆகியவற்றை டேப்பால் மூடிவிட்டே அடிக்க வேண்டும். கழுவாமல் பூச்சு அடிப்பவர்கள் உப்பை உள்ளே வைத்து முத்திரையிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இடது பக்க ஒலி வருவதும் போவதுமாக இருப்பது பழைய எஸ்எல்-1200களில் அடிக்கடி காணப்படும் குறை. பெரும்பாலானோர் ஊசி பொருந்திய சிறு பகுதியான கார்ட்ரிட்ஜைச் சந்தேகிப்பார்கள். ஊசியைச் சுமக்கும் கையான டோன் ஆர்மின் முனையில், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல் செருகும் இடத்துக்குள் நான்கு நுண்ணிய ஊசித்தொடுமுனைகள் உள்ளன. முதலில் பார்க்க வேண்டியவை அவை. எனக்குக் கிடைத்த கருவியில் அவற்றின் மேல் களிம்பு ஏறியிருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரை மெல்லிய குச்சிபோல் வெட்டி, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சோடு மாற்றி மாற்றித் தேய்த்ததில் ஒலி திரும்பியது. வாடைக்காலம் வந்தால் இது மீண்டும் தலைகாட்டும். இப்போது எனக்கு இது பல் துலக்குவதைப்போல ஒரு வழக்கமாகிவிட்டது.

இனி மாற்றங்கள். பின்னால் நிரந்தரமாகப் பற்றவைத்திருந்த ஆர்சிஏ ஒயர்களை எடுத்துவிட்டு, தங்கப்பூச்சுள்ள சாக்கெட்டுகளைப் பொருத்தினேன். வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது என்ற வரிசையைக் குறித்துவைத்துக்கொண்டால் குழப்பமில்லை. பலர் இதனால் ஒலி விரிந்து தெளிந்துவிட்டதாக எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலன் வேறு: ஒயர் கெட்டால் அடியைத் திறக்காமல் மாற்றிக்கொள்ளலாம், குறைந்த கொள்திறன் (கப்பாசிட்டன்ஸ்) கொண்ட குட்டை ஒயரையும் பயன்படுத்தலாம்.

டிரான்ஸ்பார்மரைத் தனி உலோகப் பெட்டிக்குள் வெளியே எடுத்தது இரண்டாவது மாற்றம். உப்பு ஈரம் படியும் உலோக உடலுக்குள் 230 வோல்ட் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது கருவிக்குள் குறைந்த மின்னழுத்தம் மட்டுமே வருகிறது, பெட்டி எர்த் செய்யப்பட்டிருக்கிறது. ஒலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இழப்பு ஒன்றும் உண்டு: டிரான்ஸ்பார்மரின் இளஞ்சூடு உள்ளே இருந்தவரை ஈரத்தை ஓரளவு விரட்டியது; அந்த உதவி போய்விட்டதால் சிலிகா ஜெல் பையை உள்ளே வைத்து அவ்வப்போது வெயிலில் காயவைக்க வேண்டியிருக்கிறது. மின்வேலையில் தேர்ச்சி இல்லாதவர்கள் இந்த மாற்றத்தைத் தொட வேண்டாம்.

நான் மிகவும் விரும்பும் மாற்றம் பீடம். இடித்த வீடு ஒன்றின் கூரையிலிருந்து வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்களை வாங்கிச் சட்டகம் செய்து, அதன்மேல் தடித்த கடப்பைக் கல்லை வைத்தேன். இடையே சைக்கிள் டியூப் துண்டுகள். "பனைய இழைக்கிறதுன்னா கூலி கூடத்தான் ஆகும் தம்பி, உளி மழுங்கிப்போகும்" என்று ஆசாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார். கறுப்புச் சிராய் கையில் ஏறும் என்பதால் அவர் சாக்கைச் சுற்றிக்கொண்டே வேலை செய்தார். மேலே அரக்கு மெருகு. தெருவில் மீன் லாரி போகும்போது முன்பு ஊசி வழியே கேட்ட உறுமல் இப்போது இல்லை. விலை உயர்ந்த இறக்குமதிக் கால்களைவிட இந்தக் கல்லும் கட்டையும் அதிகம் செய்தன என்பது என் உறுதியான கருத்து. ஊசி விளக்கை எல்இடியாக மாற்றியது, மேலே போடும் வண்ணத் தகடு போன்றவை அலங்காரம். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கார்ட்ரிட்ஜ், ஆடியோ-டெக்னிகா விஎம்95இ. ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து ஊசி முனை 52 மில்லிமீட்டரில் அமைய வேண்டும், அழுத்தம் 2 கிராம், இவ்வளவுதான் அமைப்பு. இதைத் தேர்ந்ததற்குக் காரணம், ஊசியை மட்டும் கழற்றி வேறு வகை ஊசியைச் செருகலாம் என்பதே. இணையத்தில் அசல் என்று விற்ற ஊசி ஒன்று போலியாக வந்து, உயர்ந்த சுரங்களில் கரகரத்தது. இப்போது ரசீது தரும் கடையில் மட்டுமே வாங்குகிறேன்.

இந்தப் பகுதி வீடுகளில் பரணிலிருந்து இறங்கும் இசைத்தட்டுகளில் நாகூர் இ.எம்.ஹனிபாவின் 45 சுழற்சித் தட்டுகள் இருக்கும், அவற்றோடு 78 சுழற்சி அரக்குத் தட்டுகளும் இருக்கும். எம்கே2வில் 33⅓, 45 ஆகிய இரண்டு வேகங்களே உண்டு. மின்சுற்றில் கைவைத்து 78ஐச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மூன்று மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அளவுள்ள தடித்த ஊசியும் தனியே வேண்டும். நான் செய்யவில்லை, அந்தத் தட்டுகளுக்கு வேறு பழைய கருவி போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வினைல் தட்டின் பூஞ்சையைப் போக்க உதவும் ஆல்கஹால் கலந்த கரைசலை அரக்குத் தட்டில் ஊற்றிவிடக் கூடாது, தட்டே கரையும்.

சில ஆண்டுகள் ஓடிய பின் நிலை இது. சுழல்தட்டின் விளிம்பிலுள்ள பெரிய புள்ளிகளின் வரிசை, வேகத்தைச் சரிபார்க்க உதவும் ஸ்ட்ரோப் ஒளியில் இன்றும் அசையாமல் நிற்கிறது. கப்பாசிட்டர்கள், பூச்சு, திருகுகள், சாக்கெட்டுகள் ஆகிய எதிலும் குறையில்லை. தொல்லை தருவது பிட்ச் ஸ்லைடர் மட்டுமே. நடுவிலுள்ள பச்சை விளக்குப் புள்ளியை விட்டு நகர்த்தியதும் வேகம் தடுமாறுகிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்தால் சில மாதம் அடங்குகிறது, ஆனால் உள்ளிருக்கும் கிரீஸையும் அது கழுவிவிடுவதால் ஒவ்வொரு முறையும் ஸ்லைடர் முன்னைவிட வறண்டுபோகிறது. பாட்டு மட்டும் கேட்பவர்கள் அதை நடுவிலேயே விட்டுவிடலாம். அங்கே குவார்ட்ஸ்தான் வேகத்தைப் பிடித்திருக்கிறது.

தயாரிப்பு 2010இல் நின்று, 2016இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கியிருப்பதால், பணம் உள்ளவர்கள் புதியதை வாங்கலாம். அதற்கும் இந்தக் கரையில் தட்டைத் தூக்கிப் பார்க்கும் வேலை உண்டு. பழையதை வாங்குபவர்கள் வெளித்தோற்றத்தைப் பார்க்காமல், டோன் ஆர்மைச் சமன்செய்து மிதக்கவிட்டு அது எங்கும் தட்டாமல் இருபுறமும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவை எல்லாவற்றையும் வீட்டில் சரிசெய்யலாம். டோன் ஆர்மின் தாங்கிகள் அடிபட்டிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.