38 வெள்ளி (ரிங்கிட்) ரப்பர் பூட்ஸ்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு சாமான் கடையில் வாங்கியது. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கு நல்ல பூட்ஸ், முள் ஏறாது. நான் வாங்கியதோ, செப்டம்பரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கியதும் கோல சிலாங்கூர் சதுப்பில் இறங்குவதற்கு. தாத்தா காலத்தில் காட்டு வாத்து சுடப் போவார்களாம். இப்போது 2010 வனவிலங்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் சுட முடியாது, என் கையில் தொலைநோக்கி மட்டும்தான்.

பத்தடி வைப்பதற்குள் இடது பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது, கால் மட்டும் ‘பொளக்’கென்று வெளியே வர, அந்தச் சத்தத்துக்கே சீழ்க்கைச் சிறகிகள் என்ற காட்டு வாத்துகள் கூட்டமாகச் சீட்டியடித்துக்கொண்டு பறந்துவிட்டன. கணுக்காலில் பிடிப்பே இல்லை. அப்புறம் பழைய டயர் டியூபை வளையமாக வெட்டி மாட்டினேன், கழலவில்லை. உள்ளே துணி இல்லாததால் சீக்கிரம் காய்கிறது. வாங்கினால் ஓர் அளவு சின்னதாகவே வாங்குங்கள்.