கிரெம்லினா, பின்டோவா, வேகாவா? மூன்று சிக்கனக் கார்கள், ஒரு மேசை

ஏஎம்சி கிரெம்லின், ஃபோர்டு பின்டோ, செவர்லே வேகா. இந்த மூன்றையும் 1:25 அளவு பிளாஸ்டிக் மாடல்களாகக் கட்டி முடித்துவிட்டேன். நிஜக் கார்கள் மூன்றும் 1970-இல் ஆறு மாத இடைவெளிக்குள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தவை. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் ஜப்பானியக் கார்களும் அள்ளிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களைத் திரும்ப இழுக்க வந்த மலிவு விலைக் கார்கள். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை: கிரெம்லின். இப்போது இரண்டாவது கிரெம்லினும் மேசைக்கு வந்துவிட்டது.

விலையிலும் பாகங்களின் எண்ணிக்கையிலும் ஒட்டும் சிரமத்திலும் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏஎம்டி, எம்பிசி என்ற பழைய மாடல் கிட் நிறுவனங்களின் காலத்து அச்சுகளின் வாரிசுகள்தான் எல்லாம். அந்த இரண்டு பெயர்களும் இன்று ரவுண்ட் 2 நிறுவனத்தின் வசம் இருக்கின்றன. பாகங்களில் அச்சு விட்ட கோட்டைச் சுரண்டுவது, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிப்பது, ஜன்னல் விளிம்புக்கு மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டி வெட்டுவது ஆகியவை எந்தக் காருக்கும் உள்ள வேலை.

வித்தியாசம் டயரில் இருக்கிறது. சிரிக்க வேண்டாம். மஸில் கார் (பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்) கட்டுபவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. டயர் எவ்வளவு கொழுத்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. சிக்கனக் காரின் அழகு அதன் ஏழ்மையில் இருக்கிறது. அடிப்படை பின்டோவும் வேகாவும் 13 அங்குலச் சக்கரத்தில், சுமார் ஆறு அங்குல அகல டயரில் நின்றவை. நம் அளவில் சக்கரம் 13 மில்லிமீட்டர் சொச்சம், டயரின் அகலம் ஆறு மில்லிமீட்டர். எனக்குப் பெட்டியில் வந்தவையோ அதைவிடத் தாராளமான டயர்கள். அவற்றை மாட்டியதும் பின்டோ, அண்ணனின் செருப்பைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி நின்றது. உடலின் வண்ணம், கண்ணாடி, உட்புறம் எல்லாம் சரியாக அமைந்தும் பார்ப்பவர் கண் நேராகச் சக்கரத்துக்குத்தான் போகிறது. டயரைத் துளைப்பானில் மாட்டிச் சுழலவிட்டு உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். வினைல் சூடேறிப் பிசிறு பிசிறாகக் கிழிந்தது. கடைசியில் வேறொரு பெட்டியிலிருந்து மெலிந்த டயர்களை எடுத்து மாட்டினேன். அதற்கு இன்னொரு கிட்டின் விலை ஆனது.

கிரெம்லினுக்கு இங்கேதான் தப்பிக்க வழி இருக்கிறது. நிஜக் காரில் ‘எக்ஸ்’ என்றொரு அலங்காரத் தொகுப்பு உண்டு. அதில் 14 அங்குலத் துளைச்சக்கரமும் டி70-14 என்ற அகலமான டயரும் வந்தன. ஆகவே பெட்டியில் கொஞ்சம் பருத்த டயர் இருந்தாலும் பக்கவாட்டில் எக்ஸ் பட்டையை ஒட்டிவிட்டால் போதும். பொய் சொல்லாமலே கார் சரியாகிவிடும். மற்ற இரண்டிலும் டயரோடு போராடிய வாரங்கள் இதில் மிச்சம்.

மிச்சமான நேரத்தை உட்புறத்துக்குக் கொடுத்தேன். 1973-இல் கிரெம்லினுக்கு லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனத்தின் பெயரில் ஓர் உட்புறம் வந்தது. இருக்கையில் ஜீன்ஸ் துணி போலத் தெரிவது உண்மையில் நைலான். தீப்பிடிப்பு விதிகளுக்காக அப்படிச் செய்தார்கள். ஆரஞ்சு நிறத் தையலும் செம்புக் குமிழ்களும் அசல் ஜீன்ஸைப் போலவே இருக்கும். மாடலில் பளபளப்பில்லாத நீலம் பூசி, மடிப்புகளில் வெளிர்நீலத்தை உலர்தூரிகையால் தடவி, ஆரஞ்சுத் தையலை மெல்லிய பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்தேன். குமிழ்களுக்கு ஊசி முனையில் செம்பு வண்ணம். ஒரு இருக்கைக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். பின்பக்கக் கண்ணாடி பெரிதாக இருப்பதால் பட்ட பாடு வீணாகாமல் வெளியே தெரிகிறது.

உடலும் வேடிக்கையானது. ஏஎம்சியின் ஹார்னெட்டை எடுத்து, சக்கர இடைவெளியை 108 அங்குலத்திலிருந்து 96-ஆகக் குறைத்து, பின்புறத்தை வெட்டிவிட்டார்கள். வடிவமைப்பாளர் ரிச்சர்ட் டீக் விமானத்தில் வாந்திப் பையின்மேல் இதன் கோட்டுருவத்தை வரைந்தார் என்ற கதை பிரபலம். நீளமான மூக்குக்குள் ஆறு சிலிண்டர் எஞ்சின் நேராக நிற்கிறது. ஆறு ஸ்பார்க் பிளக் கம்பிகள், காயிலுக்கு ஒன்று, ஆக ஏழு. கால் மில்லிமீட்டர் கம்பி இந்த அளவுக்குப் பொருந்தும்.

பின்டோவை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதன் அடிப்பாகம் மூன்றிலும் சுவையானது. பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவே பெட்ரோல் டேங்க். பின்னாலிருந்து இடித்தால் டிஃபரன்ஷியலின் (பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியின்) போல்ட்டுகளில் குத்துப்பட்டுத் தீப்பிடிக்கும் என்ற சர்ச்சையில்தான் 1978-இல் ஃபோர்டு பதினைந்து லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, டேங்குக்கு முன்னால் பிளாஸ்டிக் கேடயம் பொருத்தியது. நானும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அந்தக் கேடயத்தை வெட்டி ஒட்டினேன். காரைக் கவிழ்த்துப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். மேலே எஞ்சின் அறையில் சின்ன நான்கு சிலிண்டர் எஞ்சினைச் சுற்றி ஏகப்பட்ட வெற்றிடம். பழகாத கை செய்த தவறு எதுவும் அங்கே ஒளியாது.

வேகாவைப் பற்றி நான் அளந்துதான் பேச வேண்டும். ஒரே ஒரு முறை கட்டியிருக்கிறேன், அதுவும் ஹேட்ச்பேக். வேகன் உடலைத் தொட்டதில்லை. எனக்குக் கிடைத்த பெட்டி பந்தயக் கார் வடிவம். சக்கர வளைவுகள் அகலமாக வெட்டப்பட்டிருந்தன. வீட்டுக் காராக்க அவற்றைப் புட்டி வைத்து அடைத்து மறுபடி வளைக்க வேண்டியிருந்தது. மூன்றில் பார்க்க அழகான கார் எது என்றால் வேகாதான், ஒப்புக்கொள்கிறேன். அலுமினிய பிளாக்கின் மேல் வார்ப்பிரும்பு ஹெட் என்பதால் எஞ்சினில் இரண்டு உலோக நிறங்களை அருகருகே பூசிப் பார்க்கலாம். நிஜ வேகாக்களை ரயிலில் மூக்கு கீழாகச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, ஒரு பெட்டிக்கு முப்பது என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த ரயில் பெட்டியைச் செய்து ஒரு வேகாவைத் தொங்கவிட ஆசை இருக்கிறது. வைக்கத்தான் அலமாரியில் இடமில்லை.

மூன்றுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை: பழைய பெட்டி வாங்கினால் வினைல் டயரை உடனே தனிப் பையில் போடுங்கள். அதிலிருக்கும் மென்மையாக்கி ஆண்டுக்கணக்கில் கசிந்து, பக்கத்தில் கிடக்கும் பாலிஸ்டிரீன் பாகங்களை உருக்கும். ஒரு கண்ணாடியில் டயரின் அச்சு நிரந்தரமாகப் பதிந்துபோன பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

இரண்டாவது கிரெம்லினுக்குக் கடுகு மஞ்சள் பூசி உலர வைத்திருக்கிறேன். ஓட்டுநர் இருக்கையில் ஆரஞ்சுத் தையல் முடிந்தது. பக்கத்து இருக்கை இன்றிரவு.